மூணு வட்டியும் பதினொரு சதவீதமும்: ஓர் இறுதியாண்டு வகுப்பின் பணப்பாடம்

2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பி.காம். முடித்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. நலம் விசாரித்து முடிந்ததும் கொஞ்சம் தயங்கினாள்.

"மேம், தப்பா நினைக்காதீங்க. மாசாமாசம் என் சம்பளத்துல 1,800 ரூபா எடுத்துக்குறாங்க. ஒரு வருஷமா எடுக்குறாங்க. ஆபீஸ்ல கேட்டா வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் 1,800 ரூபாய். அது வருங்கால வைப்பு நிதி, பி.எஃப். இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. வருங்கால வைப்பு நிதிக்குக் குறிப்பேட்டில் எப்படிப் பதிவு எழுதுவது, இருப்புநிலைக் குறிப்பில் எந்தப் பக்கம் காட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். தேர்விலும் அவள் அதைச் சரியாக எழுதினாள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியும். அது தன் பணம் என்று மட்டும் தெரியாது.

அந்தத் தொலைபேசி அழைப்பிலிருந்து பிறந்ததுதான் இங்கே பதிவுசெய்யும் நிகழ்வு. வட தமிழகத்தில் ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு கலைக் கல்லூரியில், இறுதியாண்டு பி.காம். வகுப்பு ஒன்றுக்கு, 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒரு மணி நேரம் என்று பன்னிரண்டு வாரம் நடத்திய பணப்பாடம். எங்கே சறுக்கியது, எது பிடித்துக்கொண்டது என்று என்னைப் போலவே இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். மாணவர்கள் யாரையும் அடையாளம் தெரியும்படி குறிப்பிடவில்லை.

முதல் வாரம்

வகுப்பில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பெற்றோர் கட்டட வேலை, செங்கல் சூளை, நெசவு, நூறு நாள் வேலை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் என்பதால் பலருடைய கணக்கிலும் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. பணப்பாடம் நடத்த இதைவிட வாய்ப்பான இடம் இருக்காது என்று நினைத்தேன். ஒவ்வொருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, அதில் மாதாமாதம் வரும் உண்மையான பணம்.

வருமானத்தைத் தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 என்று பிரிக்கும் சூத்திரத்தைத் திரையில் போட்டேன். அந்த ஆயிரத்தில் 300 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடச் சொன்னேன். அப்போது அதற்கு 6.7 சதவீத வட்டி. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள்.

"மேம், அந்த ஆயிரம் வந்தாத்தான் எங்க அம்மா குழுவுக்கு டியூ கட்டுவாங்க. நான் ஆர்.டி. போட்டா அவங்க வேற எடத்துல வாங்கித்தான் கட்டணும்."

அவள் சொன்னது கணக்காகவும் சரி. ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் மகளிர் குழுக் கடனைக் கட்டாமல், 6.7 சதவீதத்துக்குச் சேமிப்பது நஷ்டம். நான் வகுப்புக்குச் சொன்ன அறிவுரையை அவள் கேட்டிருந்தால் அந்த வீட்டின் நிலை கொஞ்சம் மோசமாகியிருக்கும். வருமானத்தில் மிச்சம் இருக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சூத்திரத்தை, மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நீட்டியிருக்கிறேன்.

திரையில் போட வைத்திருந்த மற்ற பக்கங்களை அன்று மாலை ஒதுக்கினேன். இனி என் பக்கத்திலிருந்து எந்தத் தலைப்பும் இல்லை, அவர்கள் வீட்டிலும் கையிலும் இருக்கும் தாள்களிலிருந்துதான் பாடம் என்று முடிவு செய்தேன்.

வட்டி என்ற சொல்

இரண்டாம் வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உங்க வீட்டுல என்ன வட்டிக்கு வாங்குவாங்க?"

முதலில் மௌனம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மூணு வட்டி மேம்." அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. குழுவில் ரெண்டு வட்டி. நகைக்கடையில் ஒன்றரை வட்டி. தெரிந்தவரிடம் அஞ்சு வட்டி. தண்டல். மீட்டர் வட்டி. பெண்பிள்ளைகள்தான் அதிகம் பேசினார்கள், ஏனென்றால் கடன் கேட்கப் போகும்போது அம்மா கூட்டிக்கொண்டு போவது அவர்களைத்தான். நான் முப்பது நிமிடம் எழுதிக்கொண்டே இருந்தேன். கடனைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகள் என்று நினைத்து வந்தவள், என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் முன்னால் நின்றேன்.

பிறகு பலகையின் மறுபக்கம் எழுதினேன்: "வங்கியில் தனிநபர் கடன், 11 சதவீதம்."

ஒரு மாணவன் சட்டென்று எழுந்தான். "பதினொரு வட்டியா மேம்? அதுக்கு மூணு வட்டிக்காரரே தேவலையே."

யாரும் சிரிக்கவில்லை. பலரும் தலையாட்டினார்கள். மூன்றாண்டு வணிகவியல் படித்த வகுப்பு இது, கூட்டு வட்டிச் சூத்திரம் மனப்பாடம். ஆனால் வீட்டில் 'வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று பொருள். வங்கி சொல்லும் சதவீதம் ஆண்டுக்கு. இரண்டும் ஒரே சொல்லில் வருவதால், இரண்டையும் ஒரே அளவுகோல் என்று இத்தனை காலம் எண்ணியிருக்கிறார்கள். அவர்கள் பெற்றோரும் அப்படியே எண்ணி வங்கி வாசலைத் தாண்டிப் போயிருக்கக்கூடும். இந்தப் பன்னிரண்டு வாரத்தில் ஒரே ஒரு மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்த மணி நேரத்தைத்தான் வைத்துக்கொள்வேன்.

அன்று பலகையில் நாங்கள் சேர்ந்து போட்ட கணக்கு எளிமையானது. வீட்டு வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கு. மூணு வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம், அஞ்சு வட்டி என்றால் 60. வங்கியின் சதவீதத்தைப் பன்னிரண்டால் வகு. 11 சதவீதம் என்பது 92 காசு வட்டி, 9 சதவீத நகைக்கடன் 75 காசு வட்டி. "எழுபத்தஞ்சு பைசா வட்டியா!" என்று ஒருத்தி சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தொனி பாடப்புத்தகத்தின் எந்த அத்தியாயத்துக்கும் வந்ததில்லை.

தண்டலுக்குப் பெருக்கல் போதாது. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள், நாளொன்றுக்கு 100 ரூபாய், நூறு நாள். "ஆயிரம்தானே மேம் கூட" என்றான் ஒருவன். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், 9,000 ரூபாயும் நூறு நாள் கையில் இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆறு வட்டிக்கும் மேல்.

அதே கண்ணியைப் பைக் ஷோரூமிலும் காட்டினேன், ஏனென்றால் பையன்கள் பாதிப்பேரின் முதல் சம்பளக் கனவு பைக். ஒரு லட்சம் கடன், 10 சதவீதம் 'ஃபிளாட்', மூன்று ஆண்டு. வட்டி 30,000, மாதத் தவணை 3,611. கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடுவதால், குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையில் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா?" வகுப்பே அதை இரண்டு முறை உரக்கச் சொன்னது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஷோரூமில் விற்பனையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வாயில் வருவது உரக்கச் சொல்லிப் பழகியதுதான்.

பாஸ்புக்

மூன்றாம் வாரம் எல்லோரும் பாஸ்புக் கொண்டுவந்தார்கள். சிலர் அம்மாவுடையதையும் சேர்த்து. வரி வரியாகப் படித்தோம். குறுஞ்செய்திக் கட்டணம், ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், வரம்புக்கு மேல் ஏ.டி.எம்.மில் எடுத்ததற்குப் பிடித்தம். மாதம் ஆயிரம் வரும் கணக்கில் இவை சிறிய தொகை அல்ல. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்று உண்டு, எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு மாணவி அம்மாவின் பாஸ்புக்கில் விரலை வைத்துக் கேட்டாள்: "இந்த 436 எதுக்கு மேம்? வருஷா வருஷம் போவுது."

அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், எந்தக் காரணத்தால் இறந்தாலும் நியமனதாரருக்கு இரண்டு லட்சம். சில வரிகள் கீழே இன்னொரு 20 ரூபாய் இருந்தது. அது விபத்துக் காப்பீடு, அதற்கும் இரண்டு லட்சம். அம்மாவுக்கு ஏதோ படிவத்தில் கைரேகை வைத்த நினைவு மட்டும் இருந்தது. வங்கியில் போய்ப் பார்த்தபோது நியமனதாரர் இடத்தில் அப்பாவின் பெயர். அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாற்றிக்கொண்டு வந்தார்கள். காப்பீட்டைப் பற்றி நான் நடத்த வைத்திருந்த முழு மணி நேரத்துக்கும் அந்த ஒரு வரி பதிலாக அமைந்தது.

அந்த வாரம் தெரிந்துகொண்ட இன்னொன்று எனக்கு வருத்தம் தந்தது. பெண்பிள்ளைகள் பலருடைய ஏ.டி.எம். அட்டை அவர்களிடம் இல்லை. அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கிறது, ரகசிய எண்ணும் அவர்களுக்குத்தான் தெரியும். பணம் வீட்டுக்குச் செலவாவதில் அவர்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் தன் கணக்கைத் தானே ஒருமுறைகூட இயக்காமல் இருபது வயதாகிவிடுகிறது. இதைப் பாடத்தால் மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. "ஒரு தடவை நீயே போய் எடுத்துக் கொண்டுவந்து அப்பா கையில கொடு" என்று மட்டும் சொன்னேன். சிலர் செய்தார்கள்.

எனக்கு வந்த குறுஞ்செய்தி

ஐந்தாம் வாரத்தின் செவ்வாய்க்கிழமை இரவு, அறியாத எண்ணிலிருந்து என் வாட்ஸ்ஆப்புக்கு ஒரு படம் வந்தது. என் வகுப்பு மாணவன் ஒருவனின் முகம், அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'திருடன்'. கீழே, இவன் பணம் வாங்கி ஏமாற்றிவிட்டான், உங்கள் எண்ணைப் பிணையாகக் கொடுத்திருக்கிறான் என்று. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவன் நண்பனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன்.

போன் திரை உடைந்திருக்கிறது. சரிசெய்யப் பணம் வேண்டும், வீட்டில் கேட்க முடியாது. ஒரு கடன் செயலி 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. ஆதார், செல்ஃபி, தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று தட்டியிருக்கிறான். 'கட்டணம்' கழித்துக் கணக்குக்கு வந்தது 3,500. ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். ஆறாம் நாளே மிரட்டல் தொடங்கிவிட்டது. அதைக் கட்ட இன்னொரு செயலி, அதைக் கட்ட மூன்றாவது.

அந்தச் செயலி நகை கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. அடமானமாக அவன் மானத்தை எடுத்துக்கொண்டது. அவனுக்குப் பணப் பயத்தைவிட, அம்மாவுக்கும் எனக்கும் அந்தப் படம் போய்விட்டதே என்ற அவமானம்தான் பெரிதாக இருந்தது. "உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லப்பா" என்று சொன்ன பிறகுதான் பேசத் தொடங்கினான். இந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் தனியாக இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அன்று செய்தவை: மிரட்டல்கள் எல்லாவற்றையும் திரைப்பதிவு எடுத்தோம். அதன் பிறகே செயலியின் அனுமதிகளை ரத்து செய்து நீக்கினோம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைத்தோம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்தோம். அவன் தொடர்பில் இருந்த எல்லோருக்கும் அவனே ஒரு செய்தி அனுப்பினான்: "என் பெயரில் அசிங்கமான படம் வந்தால் அது மோசடிக் கடன் செயலியின் வேலை, திறக்காதீர்கள், போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்." இந்தக் கடைசிக் காரியம்தான் அவனை நிமிர வைத்தது. மிரட்டுபவனிடம் அதற்கு மேல் ஆயுதம் எதுவும் மிஞ்சவில்லை. சில நாட்களில் அழைப்புகள் நின்றன.

அவன் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல், அடுத்த வகுப்பில் இதையே எடுத்தோம். 3,500 ரூபாய்க்கு ஏழு நாளில் 1,500. வீட்டு மொழியில் எத்தனை வட்டி என்று போடச் சொன்னேன். நூற்றுக்கு வாரம் 43 ரூபாய், மாதக் கணக்கில் சுமார் 184 வட்டி. மூணு வட்டியை வாங்கியவர்கள், பத்து வட்டியைக் கேள்விப்பட்டவர்கள் நிறைந்த அறையில் '184 வட்டி' என்று பலகையில் எழுதியதும் ஒரு சத்தமும் இல்லை.

2021-இல் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு, இந்தியர்களுக்காகப் புழங்கிய கடன் செயலிகளில் சுமார் 1,100-ஐ எண்ணி, அவற்றில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. அதன் பிறகு 2022 செப்டம்பரில் வந்த விதிகளை மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னேன். எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பணம் என்று செயலி சொல்ல வேண்டும். கட்டணமெல்லாம் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு முக்கிய விவரத் தாள் முதலிலேயே தர வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கொடுத்து வெளியேற ஒரு கால அவகாசம் தர வேண்டும். தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் வாசலிலேயே கண்டுபிடிக்க உதவும் அடையாளம். கடன் கொடுப்பவர் உன் தொடர்பு எண்களைக் கேட்டால், அவர் கடன் கொடுக்க வந்தவர் அல்ல. 2025 ஜூலை முதல், நெறிப்படுத்தப்பட்ட நிறுவனங்களின் செயலிப் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே கிடைக்கிறது. அடுத்த வகுப்புக்கு இந்தப் பட்டியலை முதல் நாளே காட்டுவேன்.

இதே வாரத்தில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. "உன் அக்கவுண்ட்டை ஒரு மாசம் கொடு, வர்ற பணத்துல கமிஷன் தர்றோம்" என்று கல்லூரி வாசலிலும் டெலிகிராமிலும் ஆள் பிடிக்கிறார்கள். மோசடிப் பணத்தைக் கைமாற்றும் கணக்குகள் இவை. புகார் வந்தால் முதலில் முடக்கப்படுவதும், போலீஸ் முதலில் வந்து நிற்பதும் கணக்குக்காரரிடம்தான். அரசு வேலைக்குத் தேர்வெழுதும் கனவுள்ள பிள்ளைக்கு ஒரு வழக்கு என்றால் என்ன பொருள் என்று விளக்கத் தேவையே இருக்கவில்லை.

சம்பளச் சீட்டு

ஏழாம் வாரத்துக்கு அந்த ஒரகடத்து மாணவி தன் சம்பளச் சீட்டைப் பெயரையும் எண்களையும் மறைத்து அனுப்பிவைத்தாள். பணியாணைக் கடிதத்தையும் சேர்த்து. கடிதத்தில் ஆண்டுக்கு 2,44,620 ரூபாய். "மாசம் இருபதாயிரத்துக்கு மேல!" என்றது வகுப்பு. சீட்டில் கைக்கு வந்தது 16,065. நடுவில் காணாமல்போன 4,320 ரூபாயைத் தேடுவதுதான் அன்றைய வேலை.

அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப்படி 3,000, ஆக 18,000. இதிலிருந்து அவள் பங்கு பி.எஃப். 1,800. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 135. மீதி 16,065. அப்படியானால் கடிதத்தின் 20,385 எங்கிருந்து வந்தது? நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமான 585, இரண்டையும் சேர்த்து 'சி.டி.சி.', அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு என்று எழுதியிருக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரியாத பிள்ளை, 20,000 வரும் என்று நம்பி அறை வாடகையும் பைக் தவணையும் பேசி முடித்துவிடுகிறது.

பி.எஃப். பகுதியில் நீண்ட நேரம் நின்றோம். நிறுவனத்தின் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, 550 அவள் பி.எஃப். கணக்குக்கு. அவளுடைய 1,800-ஐயும் சேர்த்தால் மாதம் 2,350, ஆண்டுக்கு 28,200. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். யாரோ திருடுகிறார்கள் என்று அவள் பயந்துகொண்டிருந்த அந்த ஓராண்டில் அவளுக்காக 28,200 ரூபாய் சேர்ந்திருந்தது.

"அப்போ வேலைய விட்டா எடுத்துடலாமா மேம்?" என்றார்கள் உடனே. அங்கேதான் ஆபத்து. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்ப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு நிறுவனம் மாறுவது சாதாரணம். மாறும்போதெல்லாம் பி.எஃப்.ஐ எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். ஐந்தாண்டுக்குள் எடுத்தால் வரிப் பிடித்தத்துக்கும் இடமுண்டு. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டு பணிக்காலம் வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் உடைந்துபோகிறது. யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க பி.எஃப். அடையாள எண் ஆயுளுக்கும் ஒன்றுதான், புதிய நிறுவனத்தில் அதையே கொடுத்துப் பழைய இருப்பை மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்குப் போகிறவர்கள், சீட்டில் பிடித்த தொகை உண்மையில் கணக்கில் ஏறுகிறதா என்று அரசின் உமாங் செயலியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் ஒப்பந்ததாரர்கள் உண்டு.

ஒரு மாணவன் அண்ணனுடைய சீட்டை எடுத்து வந்திருந்தான். பிடித்தமே இல்லை, 15,000 முழுதாக. "எங்கண்ணனுக்கு நல்ல கம்பெனி மேம்." பணியாணையைப் பார்த்தால் 'அப்ரெண்டிஸ்'. தொழிற்பழகுநருக்குப் பி.எஃப்.பும் கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. அவனுக்காக யாரும் எதுவும் சேர்க்கவில்லை. பயிற்சி என்று எடுத்துக்கொண்டால் தவறில்லை, ஆனால் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும். அந்த மாணவன் அன்றிரவே அண்ணனுக்குப் போன் செய்ததாகச் சொன்னான்.

இ.எஸ்.ஐ.யின் 135 ரூபாயைப் பற்றி முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதில் தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் உண்டு, உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்றதும் ஒரு பெண், "எங்கம்மா சுகர் மாத்திரைக்கே மாசம் எவ்வளவோ ஆகுது மேம்" என்றாள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலோரின் முதல் வேலை அந்த வரம்புக்குள்தான் வரும்.

மற்றவை

வருமான வரிக்கு அரை மணி நேரம் போதும் என்று விட்டேன். இவர்களுடைய முதல் சம்பளத்துக்கு வரி வராது. பான் எண்ணை நிறுவனத்தில் கொடுப்பதும் நிறுவனம் தரும் சம்பள வரிச் சான்றிதழை (அப்போது படிவம் 16) கேட்டு வாங்குவதும் தெரிந்தால் போதும். கல்விக் கடன் எங்கள் கல்லூரியில் குறைவு. ஆனால் பொறியியல் படித்த அண்ணன், அக்காவின் கடன் வீட்டில் இருக்கிறது. படிக்கும் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை கிடையாது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதும், அப்பா இணைக் கடனாளி என்பதால் தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் விழும் என்பதும் பலருக்குப் புதிது. பரஸ்பர நிதியை நான் நடத்தவே இல்லை. அவசரச் செலவுக்கு ஐயாயிரம் ரூபாய் கையில் இல்லாதவருக்கு அது இரண்டாம் பாடம் அல்ல, பத்தாம் பாடம்.

எது நிலைத்தது

2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நிதிக் கல்வி பற்றிய 201 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் வெறும் 0.1 சதவீதத்தையே அந்தக் கல்வி விளக்குகிறது என்றது. கற்றது மாதங்களில் தேய்ந்துவிடுகிறது, முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கற்பித்தால்தான் பயன் என்றும் சொன்னது. பிறகு வந்த இன்னொரு தொகுப்பு, 33 நாடுகளில் நடந்த 76 சோதனைகளைப் பார்த்து, பலன் உண்டு என்று காட்டியது. என் ஒரே வகுப்பை வைத்து இந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் எது தேய்ந்தது, எது தேயவில்லை என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

வரவுசெலவு எழுதச் சொல்லி நான் கொடுத்த நோட்டை மூன்றாம் வாரத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். அது நான் கொடுத்த தாள். பன்னிரண்டால் பெருக்குவது நிலைத்துவிட்டது, ஏனென்றால் அதற்குரிய எண் ஒவ்வொரு மாதமும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. சம்பளச் சீட்டும் நிலைத்தது, ஏனென்றால் ஏப்ரல் வளாக நேர்முகத் தேர்வில் நான்கைந்து பேர் "பி.எஃப். எவ்வளவு பேசிக் சம்பளத்துக்குக் கட்டுவீங்க சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். வந்திருந்த மனிதவள அலுவலர் என்னிடமே வந்து சொன்னார்.

கடைசி வாரம், வீட்டிலிருந்து படிக்க முடியாத ஒரு தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முதல் வாரம் மணி அடித்த பிறகும் நின்ற அந்த மாணவி தாளுக்குப் பதிலாக அம்மாவையே அழைத்து வந்தாள். அம்மா கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மூன்று குழுவின் கடன் அட்டைகள், ஒரு தண்டல் நோட்டு.

குழு அட்டைகளில் வட்டி விகிதம் தமிழிலேயே அச்சாகியிருந்தது. நுண்கடனுக்கு வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் அட்டை தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. கூட்டிப் பார்த்தால் இந்த வீட்டில் அது எப்போதோ தாண்டிவிட்டது. மகள் ஒவ்வொன்றையும் எடுத்து, சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து, "இது ரெண்டு வட்டிம்மா, இதுவும் ரெண்டு, இந்தத் தண்டல்தான் ஆறு வட்டிக்கு மேல வருது. மொதல்ல இத முடிச்சிடணும்" என்று வரிசை போட்டுக் காட்டினாள். சரியாகப் போட்டாள். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கணக்கு சரிதான் டீச்சர். ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா காசு குடுக்குறது அந்தத் தண்டல்காரர்தான். அவர முடிச்சுட்டா அடுத்த தடவ யார் வீட்டுக் கதவ தட்டுறது?"

என்னிடம் உடனே பதில் இல்லை. மூவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். தண்டலை முடிப்பதற்கு முன்பு, யாரும் தொடாத 3,000 ரூபாய் ஒன்று வேண்டும் என்றும், அது ஆகஸ்ட் வரை மகளுக்கு வரப்போகும் முதல் சம்பளங்களிலிருந்து சேரட்டும் என்றும், அம்மாவே பேசி முடிவு செய்தார். மகள் அதைத் தண்டல் நோட்டின் பின்னட்டையில் எழுதினாள். அடுத்த ஆண்டு வகுப்புக்கான என் குறிப்பேட்டில், முதல் வாரம் என்ற இடத்தில், 50-30-20 இருந்த வரியை அடித்துவிட்டு அம்மாவின் கேள்வியை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.